மாமா கை கழுவிக்கொண்டிருந்தார்

ஜூன் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி குறைஞ்சுதா? இல்லை, குறைஞ்சுதுன்னு எனக்கு எழுதிட்டு பெண்கள் விடுதி மாடிப்படியை ஏறி இறங்கிட்டுத்தான் இருக்கியா?

என்னடா, போன் பண்ணாம கடிதம் எழுதறானேன்னு நினைப்பே. என் போனை விசாரணைக் கமிஷன் வாங்கி வச்சிருக்கு. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்னா, மாமா ஏற்பாடு பண்ணின வக்கீல் வேண்டாங்கறார். "சாட்சி சொல்ற வரைக்கும் வீட்டு ஆளுங்களோட போன்ல பேசாதீங்க தம்பி"ன்னார். கடிதம் எழுதலாமான்னு கேட்டேன். "இந்தக் காலத்துல யாரு எழுதறா?"ன்னு சிரிச்சார். அதையே அனுமதின்னு எடுத்துக்கிட்டேன். உனக்கும் இதுதான் தோது. உனக்குன்னு ஒரு போன் வாங்கித் தரேன்னா, "எதுக்கு, கெட்ட சேதி சீக்கிரம் வரவா?"ன்னு கேட்பே. விடுதி போன்ல கூப்பிட்டா, நீ ஹலோ சொல்றதுக்குள்ள கூடத்துல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் டி.வி. சத்தத்தைக் குறைச்சுடும்.

மாமா வீட்டை விட்டு வெளியே வந்துட்டேன். பயப்படாதே, சண்டை ஒண்ணும் இல்லை. மந்திரியும் சாட்சியும் ஒரே வீட்டுல சாப்பிட்டா பத்திரிகைக்காரங்க சும்மா விட மாட்டாங்கன்னு வக்கீல்தான் சொன்னார். நான் கிளம்பறப்போ மாமா என் பெட்டியைத் தானே தூக்கி வண்டியில வச்சார். காவலுக்கு நின்ன போலீஸ்காரர் பதறி ஓடி வந்தார். மாமா அவரைக் கையாலேயே நிறுத்திட்டார்.

பேப்பர்ல நீ படிச்சிருப்பே. அணை மதகு எல்லாத்தையும் விடியறதுக்கு முன்னாடி ஒரே நேரத்துல திறந்ததுல ஆத்தங்கரை செங்கல் சூளைக் குடியிருப்பு அடிச்சுக்கிட்டுப் போச்சே, அதுக்கு யார் பொறுப்புங்கறதுதான் விசாரணை. நீர்வளத்துறை மந்திரிங்கற முறையில மாமா பிரமாணம் எடுத்து, "என்கிட்ட யாரும் சொல்லலை"ன்னு சொல்லியாச்சு. அணை இன்ஜினியர், "முந்தின சாயந்தரமே மந்திரியோட உதவியாளர்கிட்ட அனுமதி கேட்டேன், அவர்தான் காலையில திறங்கன்னு சொன்னார்"ன்னு சொல்லியிருக்கார். அந்த உதவியாளர் நான். அதனால அடுத்து என் முறை.

புது அறை ஒரு சலவைக்கடைக்கு மேல இருக்கு. இஸ்திரிச் சூடு தரை வழியா ஏறி வருது. ஒரே ஒரு நாற்காலி. யாராவது வந்தா நான் கட்டில்ல உட்காரணும். இதுவரைக்கும் அதுக்கு அவசியம் வரலை.

பதில் போடு.

உன் மகன்

•

ஜூன் 19

அன்பு மகனுக்கு அம்மாவோட ஆசி.

என் காலுக்கு ஒண்ணும் இல்லை. படிதான் முன்னைவிட உயரமாயிடுச்சு.

கடிதம் வந்த அன்னிக்கு இங்கே பெரிய பஞ்சாயத்து. ரெண்டாவது மாடியில நர்ஸ் பொண்ணும் பேங்க் பொண்ணும் ஒரே அறை. நர்ஸுக்கு ஜன்னல் திறந்திருக்கணும், பேங்குக்கு மூடியிருக்கணும். மூணு நாளா ஒருத்தி திறக்க, இன்னொருத்தி சாத்த, நடுவுல கண்ணாடி உடைஞ்சு போச்சு. வார்டன்னு என்னை எதுக்கு வச்சிருக்காங்க? போய் பாதி ஜன்னலைத் திறந்து வச்சு, இப்படியே இருக்கணும்னு கொக்கியை மாட்டிட்டு வந்தேன். இப்போ ரெண்டு பேரும் என்னோட பேசறதில்லை. ஆனா அவங்களுக்குள்ள அப்படி ஒரு ஒத்துமை!

அறையில ஒத்தை நாற்காலின்னு எழுதியிருந்தே. இன்னொண்ணு வாங்கிப் போடு. ஆள் வராட்டியும் துணி போட்டுக்கலாம்.

அண்ணனுக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுக்கறாங்க? அண்ணி போனதுலேருந்து நீதானே பார்த்துக்கிட்டிருந்தே. காலையில வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டப்புறம் ரெண்டு. அந்த வெள்ளை மாத்திரையை நாக்குக்கு அடியில ஒதுக்கி வச்சுட்டுத் துப்பிடுவார். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். பக்கத்துல நின்னு தண்ணி குடிக்க வைக்கணும். வேலைக்காரங்க மந்திரிகிட்ட வாயைத் திறந்து காட்டுங்கன்னா சொல்லப்போறாங்க?

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

•

ஜூலை 8

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜன்னல் தீர்ப்பைப் படிச்சுட்டு வாய்விட்டுச் சிரிச்சேன். சலவைக்காரர் கீழேருந்து, "என்ன சார், ஆள் வந்திருக்காங்களா?"ன்னு கேட்டார்.

மாத்திரை விஷயம் தெரியலை அம்மா. நான் இப்போ மாமா பக்கத்துல இல்லை. ஆபீஸ்ல என் மேஜையை பழைய ஃபைல் அறைக்கு வெளியே போட்டுட்டாங்க. டைப்பிஸ்ட் அக்கா மட்டும் தினம் ஒரு தடவை வந்து, ஏதோ ஃபைலைத் தேடற மாதிரி தேடிட்டு, "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போறாங்க. டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தா கார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சுடறார். அவ்வளவு சுத்தமான கார் இந்த ஊர்லயே கிடையாது.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வக்கீலைத் தவிர யாருக்கும் சொல்லலை.

அன்னிக்குச் சாயந்தரம் கட்சிக்காரர் ஒருத்தர் வீட்டுல விருந்து. மாமா சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கிட்டிருந்தார். அப்போதான் இன்ஜினியர் கூப்பிட்டார். மேலே மழை விடலை, அணையில தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, இப்போலேருந்தே கொஞ்சம் கொஞ்சமா திறந்துவிட்டா சமாளிச்சுடலாம், மந்திரிகிட்ட அனுமதி வாங்கிக் கொடுங்கன்னார். குழாய்ச் சத்தத்துல கேட்கணுமேன்னு நான் மாமா காதோரமா போய்ச் சொன்னேன். "கொஞ்சமா திறந்தா எது வரைக்கும் வரும்?"ன்னு கேட்டார். "மேடை போட்டிருக்கிற மைதானம் முங்கிடும் மாமா"ன்னேன். மறுநாள் காலையில அங்கேதான் கூட்டம், கட்சித் தலைவர் வர்றதா இருந்தது. மாமா துண்டுல கையைத் துடைச்சுக்கிட்டே, "காலையில கூட்டம் முடியட்டும். அப்புறம் திறக்கச் சொல்லு"ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டார்.

நான் இன்ஜினியருக்கு அதை அப்படியே சொன்னேன். "எழுத்துல கிடைக்குமா தம்பி?"ன்னு கேட்டார். "மந்திரியே சொல்லிட்டார் சார், அப்புறம் என்ன?"ன்னேன். அந்த அப்புறம் என்னங்கறதை எவ்வளவு அலட்சியமா சொன்னேன்னு இப்போ தினமும் காதுல கேட்குது. தண்ணி காலை வரைக்கும் காத்திருக்கலை. அணை உடைஞ்சுடும்னு பயந்து அவர் எல்லா மதகையும் ஒண்ணாத் திறக்க வேண்டியதாயிடுச்சு.

வக்கீல் என்ன சொல்றார்னா, "மாமா விருந்துல இருந்தார், தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானே பதில் சொல்லிட்டேன்"னு சொல்லச் சொல்றார். உதவியாளருக்குச் சட்டப்படி அதிகாரம் கிடையாது, அதனால பெரிய தண்டனையும் இருக்காதாம். வேலை போகும். ஒரு வருஷம் கழிச்சு மாமா வேற எங்கேயாவது வச்சுக்குவாராம். அதிகாரமில்லாத ஆள் சொன்னதைக் கேட்டதுக்காக இன்ஜினியர் மட்டும் மாட்டுவார்.

மாமா இதை என்கிட்டக் கேட்கலை. ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தா ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அப்பா போனப்புறம் நம்மளை யார் பார்த்துக்கிட்டாங்கன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நான் என்ன செய்யட்டும் அம்மா? நீ எதைச் சொன்னாலும் செய்யறேன்.

உன் மகன்

•

ஆகஸ்ட் 11

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கிடைச்சது. படிச்சேன். பதில் போட நாளாயிடுச்சு, வருத்தப்படாதே.

இங்கே வெந்நீர் பாய்லர் ரிப்பேர். சரிபண்ண வந்த ஆள் கழட்டிப் போட்டுட்டு, ஒரு சாமான் வாங்கிட்டு வரேன்னு போனவர்தான். பொண்ணுங்க எல்லாம் வாளியைத் தூக்கிக்கிட்டு சமையலறைக்கு வருதுங்க. சமையல்காரம்மா கரண்டியோட வாசல்ல நிக்கறா. ஒரு பக்கம் குழம்பு, ஒரு பக்கம் குளியல். எதுல எதைக் கலக்கப்போறாளோ.

பேங்க் பொண்ணுக்கு மாத்தலாயிடுச்சு. போறப்போ நர்ஸ் பொண்ணைக் கட்டிக்கிட்டு அப்படி அழுதா. இப்போ நர்ஸ் தனியாத்தான் இருக்கா. ஜன்னலை முழுசாத் திறந்துக்கோம்மான்னு சொன்னேன். பாதியே போதுங்கறா.

போன வாரம்~~~~~~~~~~~~~~~

உனக்கு ரெண்டு சட்டை தைச்சு வச்சிருக்கேன். தோள் அளவு பழையதுதான். நீ இளைச்சிருந்தா தொளதொளன்னு இருக்கும். ஆள் வந்தா கொடுத்தனுப்பறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அம்மா

•

ஆகஸ்ட் 20

அம்மாவுக்கு,

நல்லா இருக்கேன்னு எழுத வரலை, அதனால எழுதலை. உன் பாய்லர் நல்லா இருக்கா?

நான் கேட்டது என்ன, நீ எழுதியிருக்கறது என்ன? போன வாரம்னு ஆரம்பிச்சு ஒரு வரியை அடிச்சிருக்கே. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். "அண்ணன் வந்து" வரைக்கும் தெரியுது. மாமா அங்கே வந்தாரா? என்ன சொன்னார்? என்னைப் பத்திப் பேசினாரா? அடிக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?

போன திங்கட்கிழமை ஆஜராகற தேதி வாங்கறதுக்காகக் கமிஷன் ஆபீசுக்குப் போயிருந்தேன். நடையில ஒரே ஒரு பெஞ்ச். அதுல இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார், பக்கத்துல அவர் மனைவி ஃப்ளாஸ்க்கோட. அவரை இதுக்கு முன்னாடி நேர்ல பார்த்ததில்லை. போன்ல கணீர்னு இருந்த குரல். ஆள் இவ்வளவு ஒல்லியா இருப்பார்னு நினைக்கலை. நான் யாருன்னு தெரிஞ்சதும் எழுந்திருக்கப் போறார்னு பார்த்தேன். நகர்ந்து இடம் கொடுத்தார்.

அந்த அம்மா ஃப்ளாஸ்க் மூடியில டீ ஊத்தி என்கிட்ட நீட்டினாங்க. ஒருவேளை கை பழக்கத்துல நீட்டியிருக்கலாம். நான் வாங்கிட்டேன்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்கலாமா?"ன்னார் அவர்.

"வக்கீல் பேசக் கூடாதுன்னிருக்கார் சார்."

"நீங்க பேச வேண்டாம். நான் கேட்கறேன். அன்னிக்கு நீங்க போன்ல சொன்னது, அவர் சொல்லித்தானே சொன்னீங்க? நீங்களா சொன்னதில்லையே? வேலை போனாப் போகட்டும். நான் நம்பினது சரியா, தப்பான்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

அவர் மனைவி அவர் முழங்கையைப் பிடிச்சு அமுக்கினாங்க. அதுக்குள்ள என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. டீ மூடியை எங்கே வைக்கறதுன்னு தெரியாம கையிலேயே எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டேன். திரும்பி வர்றப்போ அவங்க ரெண்டு பேரும் இல்லை. மூடி இங்கே மேஜை மேல இருக்கு.

அம்மா, ஒரே ஒரு வரி எழுது. சொல்லுன்னு எழுது. இல்லை, சொல்லாதேன்னு எழுது.

உன் மகன்

•

செப்டம்பர் 14

அம்மாவுக்கு,

உன்கிட்டேருந்து பதில் இல்லை. தினம் மத்தியானம் சலவைக்காரர்கிட்ட தபால் வந்துதான்னு கேட்கறேன். இப்போல்லாம் நான் படியிறங்கற சத்தம் கேட்டதுமே அவர் தலையை ஆட்டிடறார்.

நாளை மறுநாள் சாட்சி. உனக்குத் தெரியட்டும்னுதான் எழுதறேன்.

உன் மகன்

•

செப்டம்பர் 12

அன்பு மகனுக்கு அம்மா எழுதறது.

தேதியைப் பேப்பர்ல பார்த்தேன்.

புதுச் சட்டை ரெண்டையும் நர்ஸ் பொண்ணோட அண்ணன்கிட்டக் கொடுத்தனுப்பியிருக்கேன். வெள்ளையைப் போட்டுக்கோ. கழுத்துப் பட்டனைப் போட்டா உனக்கு இருமல் வரும், அதைத் திறந்தே விடு. வெறும் வயித்தோட போகாதே. தண்ணி குடிச்சுட்டுப் போ.

நின்னு பேசறப்போ நீ வார்த்தையோட கடைசி எழுத்தை முழுங்கிடுவே. பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டியில அதனாலதான் தோத்தே. நிறுத்தி, நிதானமா, எல்லாருக்கும் கேட்கற மாதிரி பேசு.

வேற ஒண்ணும் இல்லை.

அம்மா

•

செப்டம்பர் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ பன்னெண்டாம் தேதி எழுதின கடிதமும் சட்டையும் ஒண்ணா வந்தது, நான் சாட்சி சொல்லிட்டுத் திரும்பி வந்த சாயந்தரம். கதவிடுக்குல கடிதம், கைப்பிடியில பொட்டலம். அதனால பழைய நீலச் சட்டையில, வெறும் வயித்தோடதான் போனேன். ஆனா நிதானமாத்தான் பேசினேன். எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

நீ பேப்பர்ல படிச்சிருப்பே. இருந்தாலும் நான் சொல்றேன்.

நீதிபதி ஒரு வயசான அம்மா. மாமா முதல் வரிசையில உட்கார்ந்திருந்தார். பின்னாடி கடைசி ரெண்டு வரிசையில சூளைக்காரங்க. சொல்றதெல்லாம் உண்மைன்னு பிரமாணம் வாங்கினாங்க. அது வரைக்கும், அம்மா, உன் தலைமேல சத்தியமா நான் எதுவும் முடிவு பண்ணலை. வக்கீல் சொல்லிக் கொடுத்ததும் வாயில தயாரா இருந்தது, நடந்ததும் தயாரா இருந்தது. எது முதல்ல வெளியே வருதோ வரட்டும்னு நின்னேன்.

கமிஷன் வக்கீல் கேட்டார்: "போன் வந்தபோது அமைச்சர் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"கை கழுவிக்கொண்டிருந்தார்."

பின்னாடி யாரோ சிரிச்சாங்க. நீதிபதி அம்மா நிமிர்ந்து பார்த்ததும் அடங்கிடுச்சு. நான் வேடிக்கையா சொல்லலை அம்மா. நிஜமாவே கை கழுவிக்கிட்டிருந்தார். அந்த ஒண்ணைச் சொன்னதும் மிச்சமெல்லாம் தன்னால வந்தது. எது வரைக்கும் தண்ணி வரும்னு மாமா கேட்டது, மைதானம்னு நான் சொன்னது, துண்டு, காலையில கூட்டம் முடியட்டும்னது. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அப்புறம் மாமா வக்கீல் எழுந்தார். எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே ஆள். முகத்துல ஒரு கோபமும் இல்லை.

"குழாய் திறந்திருந்தது என்கிறீர்கள். அந்தச் சத்தத்தில் நீங்கள் சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்காமல் இருந்திருக்கலாம், இல்லையா?"

நான் பிடிச்சுக்கிட்டுத் தப்பிக்க அவர் கடைசியா ஒரு கயிறு போடறார்னு புரிஞ்சுது. இருக்கலாம்னு ஒரு வார்த்தை போதும். மாமா என்னையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"கேட்டது. எது வரைக்கும் வரும்னு திருப்பிக் கேட்டார்"னேன்.

"அமைச்சர் உங்களை வளர்த்தவர்தானே?"

"ஆமாம்."

"அவர்மேல் உங்களுக்கு ஏதாவது மனத்தாங்கல் உண்டா?"

"இல்லை. இருந்திருந்தா இது சுலபமா இருந்திருக்கும்."

அவர் ஃபைலை மூடிட்டு உட்கார்ந்துட்டார்.

எல்லாரும் எழுந்தப்போ மாமா சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைத் தேடறார்னு எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியிலதான் கழட்டி வச்சிருந்தார். என் கால் தானா ஒரு அடி முன்னாடி போயிடுச்சு. அதுக்குள்ள போலீஸ்காரர் எடுத்துக் கொடுத்துட்டார். மாமா போட்டுக்கிட்டு வெளியே போனார். என் பக்கம் பார்க்கலை.

வாசல்ல சூளைக்காரங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. யாராவது கையைப் பிடிச்சுக்குவாங்கன்னு நினைச்சேனோ என்னவோ. ஒரு பொம்பளை, உன்னைவிடச் சின்னவங்கதான், முன்னாடி வந்து, "அப்போ சாயந்தரமே உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

"தெரியும்"னேன்.

"நாங்க சமைச்சுக்கிட்டிருந்தோம் அந்நேரம்"னாங்க. திரும்பிப் போயிட்டாங்க.

ராஜினாமாக் கடிதத்தை டைப்பிஸ்ட் அக்கா மேஜையில வச்சுட்டு வந்தேன். வெள்ளைச் சட்டை தோள்ல சரியாத்தான் இருக்கு. இப்போ போட்டுக்கிட்டுத்தான் எழுதறேன்.

எழுது அம்மா. திட்டியாவது எழுது.

உன் மகன்

•

நவம்பர் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

ரெண்டு கடிதம் போட்டேன். ரெண்டுக்கும் பதில் இல்லை. போன வாரம் மனசு கேட்காம விடுதிக்குப் போன் பண்ணினேன். ஒரு பொண்ணு எடுத்து, "வார்டன் அம்மா வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா? நீங்க யாரு?"ன்னு கேட்டா. மகன்னு சொல்லக் கூச்சமா இருந்தது. தெரிஞ்சவன்னு சொல்லி வச்சுட்டேன்.

நீ எங்கே போயிருப்பேன்னு யோசிச்சா ஒரே ஒரு இடம்தான் தோணுது. மாமா பதவி விலகி மந்திரி பங்களாவைக் காலி பண்ணிட்டு பழைய வீட்டுக்கே போயிட்டார்னு கேள்விப்பட்டேன். அதனால அந்த விலாசத்துக்கே இதை அனுப்பறேன். நீ அங்கே இல்லைன்னா மாமா கையில கிடைக்கும். மாமா, நீங்க இதைப் பிரிச்சா, தயவுசெஞ்சு அம்மா எங்கேன்னு மட்டும் தெரியப்படுத்துங்க.

எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. காய்கறி வைக்கிற குளிர்சாதனக் கிடங்குல. லாரி வந்தா உள்ளே ஏத்தி, எந்த அறைக்குப் போகணும்னு சொல்லணும். கம்பளிக் கோட்டு கொடுத்திருக்காங்க. உள்ளே மூச்சு விட்டா புகையா வருது. கதவு தடிமனா இருக்கறதால சாத்தினா வெளியே இருக்கிற சத்தம் சுத்தமாக் கேட்காது. சில நாள் காலையில வந்து சாயந்தரம் போற வரைக்கும் "மூணாவது அறை," "நாலாவது அறை" தவிர வேற எதுவும் நான் பேசறதில்லை. பேர் கேட்ட லாரிக்காரர் ஒருத்தர், "எங்கேயோ பார்த்த முகமா இருக்கே"ன்னார். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கன்னேன்.

இன்ஜினியருக்குத் திரும்ப வேலை கொடுத்துட்டாங்க. அவர் மனைவியோட ஃப்ளாஸ்க் மூடியைப் பார்சல்ல அனுப்பி வச்சேன். கிடைச்சுதுன்னு ஒரு கார்டு வந்தது. அதுக்கு மேல எதுவும் எழுதலை. நான் அவருக்கு நல்லது செஞ்சவன் மட்டுமில்லையே, அந்தப் போன்ல பேசினவனும் நான்தானே.

நான் செஞ்சது தப்புன்னு நினைக்கலை அம்மா. ஆனா அதை யார்கிட்டயாவது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லணும் போல இருக்கு.

உன் மகன்

•

ஜனவரி 9

என் கண்ணுக்கு அம்மாவோட ஆசி.

நான் அண்ணன் வீட்டுலதான் இருக்கேன். உன் கடிதம் எல்லாம் கிடைச்சது, விடுதிக்கு வந்ததையும் இங்கே அனுப்பி வச்சுட்டாங்க. நவம்பர்ல நீ எழுதினதை வாங்கி என்கிட்டக் கொடுத்தது அண்ணன்தான். பிரிக்கலை.

நீ கேட்டதுக்கெல்லாம் இன்னிக்குப் பதில் சொல்லிடறேன். ஆகஸ்ட் மாசம் அண்ணன் விடுதிக்கு வந்தார். டிரைவர் இல்லாம தானே ஓட்டிக்கிட்டு வந்தார். ஆம்பளைங்க உள்ளே வரக் கூடாதில்லையா, பார்வையாளர் பெஞ்சுல உட்கார்ந்தார். "அவன் நீ சொன்னா கேட்பான்"னார். அவ்வளவுதான் சொன்னார். நான், "டீ போடட்டுமா அண்ணா?"ன்னேன். குடிச்சுட்டுப் போயிட்டார்.

எங்க அப்பா வீட்டை விட்டுப் போனப்போ எனக்கு ஏழு வயசு. அண்ணன் பகல்ல படிச்சு, சாயந்தரம் அச்சகத்துல வேலை பார்த்து என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். கை முழுக்க மையோட வந்து என் தலையைத் தொடாம தள்ளி நிப்பார், முடியில ஒட்டிடும்னு. அந்த ஆள் என் எதிர்ல உட்கார்ந்து டீ குடிக்கறப்போ நான் என்ன சொல்லுவேன்? அவர் போனப்புறம் உனக்கு எத்தனை தடவை எழுத உட்கார்ந்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்லுன்னு எழுதினா அண்ணனை நானே பிடிச்சுத் தள்ளின மாதிரி. சொல்லாதேன்னு எழுதினா உன்னைத் தள்ளின மாதிரி. அதனால பாய்லரைப் பத்தி எழுதினேன். நீ வேற கேலி பண்ணினே. பண்ணு.

உன்மேல கோபம் இருந்தது. மறைக்க மாட்டேன். பேப்பரைப் படிச்சப்போ, படுபாவி, மாமாவுக்குக் கேட்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதான்னு நினைச்சேன். அடுத்த வரியைப் படிச்சப்போ, என் வயித்துல பொறந்தவன்னு நினைச்சேன். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஒரு தட்டைக் கழுவற நேரத்துல அதுவும் வருது, இதுவும் வருது. இப்படி வச்சுக்கிட்டு உனக்கு என்னத்தை எழுதறது? அதான் எழுதலை. நீ தனியா இருந்து தவிச்சது எனக்குத் தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் எழுதாம இருந்தேன். அதுக்கு நீ கோவிச்சுக்கலாம்.

அண்ணன் பேர்ல வழக்குப் போட்டிருக்காங்க. எப்போ வரும்னு தெரியலை. இங்கே யாரும் வர்றதில்லை. முன்னே வாசல்ல நின்ன கூட்டத்துல ஒருத்தரையும் காணோம். அவர் காலையில குளிச்சு வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராயிடறார். கார் சத்தம் கேட்டா ஜன்னல் பக்கம் போறார். பக்கத்து வீட்டுக் காரா இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்துக்கறார். அதே பேப்பரை முதல் பக்கத்துலேருந்து மறுபடி படிக்கறார். மாத்திரையை நான் நின்னு முழுங்க வைக்கறேன்.

உன்னைப் பத்தி ஒரே ஒரு தடவை பேசினார். சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ, "அவன் சொன்னதுல ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை"ன்னார். நான் குழம்பு ஊத்தினேன். "ஆத்தங்கரையில ஆளுங்க இருக்காங்கன்னு எனக்குத் தோணவே இல்லை. மேடைதான் தோணுச்சு"ன்னார். அப்புறம் சாப்பிடலை. எழுந்துட்டார்.

நான் இப்போ அங்கே வர முடியாது. நீயும் இங்கே வர வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும். உனக்குச் சம்பளம் இருக்கு, படுத்தா தூக்கம் வரும். அவருக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். உன்னை விட்டுட்டு இவர்கிட்ட வந்துட்டேன்னு நினைக்காதே. நினைச்சாலும் என்ன பண்றது.

அந்தக் குளிருல காதை மூடிக்கோ. வேலையில யாரோடயாவது நாலு வார்த்தை பேசு.

இதை எழுதிக்கிட்டிருக்கறப்போ அண்ணன் வந்து பின்னாடி நின்னார். "யாருக்கு எழுதறே?"ன்னார். "அவனுக்குத்தான்"னேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்னார். "நான் விசாரிச்சதா எழுது"ன்னார். அறை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, "வேண்டாம், எழுதாதே"ன்னார்.

சரிண்ணா, எழுதலைன்னு சொல்லிட்டேன்.

அம்மா